ஒரு தடவை சிசேரியன் ஆனவங்க, அடுத்த பிரசவத்துக்கு முன்னால தெரிஞ்சுக்க வேண்டியது

(கூட்டமைப்பின் ஆண்டு விழாக் கூட்டத்தில், ஓய்வு பெற்ற பகுதி சுகாதார செவிலியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சேமிப்பு பற்றியும் கடன் திருப்புவது பற்றியும் காலையில் இருந்து நிறையப் பேர் பேசிவிட்டார்கள். என்னைப் பிரசவத்தைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். பிரசவம் என்றால் பெரிய கடல். அதில் ஒரே ஒரு விஷயத்தை மட்டும் எடுத்துக்கிறேன். முதல் குழந்தை சிசேரியன் ஆகிவிட்டது, இப்போ இரண்டாவது உண்டாகியிருக்கு, இல்லை உண்டாகப் போகுது. இந்த நிலைமையில் இருக்கிறவங்களுக்காகப் பேசப் போறேன்.

எதுக்கு இதை எடுத்தேன்னு கேட்பீங்க. கணக்கைப் பாருங்க. மத்திய அரசு நடத்தின தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பு 2019-21ல், தமிழ்நாட்டில் 100 பிரசவத்துக்கு 45 சிசேரியன். அதுக்கு முந்தைய 2015-16 கணக்கில் அது 34. இந்தியா முழுக்கச் சேர்த்துப் பார்த்தால் 100க்கு 21 அல்லது 22தான். நம்ம மாநிலத்துத் தனியார் ஆஸ்பத்திரிகளை மட்டும் எடுத்தால் 100க்கு 64, அரசு ஆஸ்பத்திரிகளில் 36. அப்படின்னா இந்த மண்டபத்தில் உட்கார்ந்திருக்கிற இளவயசுப் பொண்ணுங்க, நம்ம மகளுங்க, மருமகளுங்க, இவங்கள்ல ஏறக்குறைய பாதிப் பேர் வயித்துல தழும்போடதான் அடுத்த பிரசவத்துக்குப் போறாங்க. இது யாரோ ஒருத்தர் வீட்டுச் சங்கதி இல்லைங்க.

முதல்ல ஒண்ணு சொல்லிடறேன். சிசேரியன் உயிரைக் காப்பாத்தற ஆபரேஷன். குழந்தை குறுக்கே கிடக்கும்போது, நாடித் துடிப்பு குறையும்போது, அந்த ஆபரேஷன் இல்லாத காலத்தில் எத்தனை தாய்மார் போயிருக்காங்கன்னு நம்ம அமுச்சி, அப்பத்தாமாரைக் கேட்டால் சொல்லுவாங்க. தேவைப்பட்ட இடத்தில் செய்த சிசேரியனுக்காக யாரும் வருத்தப்பட வேண்டாம். "அவ வலி தாங்காம அறுத்துக்கிட்டா"ன்னு பேசறதை இன்னைக்கோட நிறுத்திக்கோணும்.

உள்ளே இருக்கிற தழும்பு

வெளியே வயித்துத் தோலில் இருக்கிற தழும்பு எல்லாருக்கும் தெரியும். ஆனா நாம கவனிக்க வேண்டியது கர்ப்பப்பையில் இருக்கிற தழும்பை. கர்ப்பப்பை தசையால் ஆன பை. மாசம் ஆக ஆக விரியும், வலி வரும்போது சுருங்கும். ஒரு தடவை அறுத்துத் தைத்த இடம், மத்த இடம் மாதிரி அவ்வளவு பலமா இருக்காது. பெரும்பாலானவங்களுக்கு அது நல்லாவே தாங்கிடும். சிலருக்கு வலி எடுக்கும்போது அந்தத் தையல் இடம் பிரிஞ்சிடலாம். கர்ப்பப்பை கிழியறதுன்னு சொல்றது அதைத்தான். கிழிஞ்சால் தாய்க்கு உள்ளுக்குள்ளேயே ரத்தம் போகும், குழந்தைக்கு மூச்சு நின்னுடும். அப்போ நமக்குக் கிடைக்கிற நேரம் மணிக்கணக்கு இல்லைங்க, நிமிஷக் கணக்கு.

இது எத்தனை பேருக்கு நடக்குது? கர்ப்பப்பையின் கீழ்ப்பாகத்தில் கிடைமட்டமா ஒரே ஒரு தடவை அறுத்தவங்க, அடுத்த தடவை வலி எடுத்துப் பிரசவத்துக்கு முயற்சி செய்தால், 200 பேர்ல ஒருத்தருக்கு நடக்கலாம். அதாவது 199 பேருக்கு நடக்காது. ஆனா யார் அந்த ஒருத்தர்னு முன்கூட்டியே சொல்ல முடியாது. அதனாலதான் எல்லாரையும் அந்த ஒருத்தரா நினைச்சுப் பார்த்துக்கச் சொல்றது.

கர்ப்பப்பையின் மேல்பாகத்தில் நெடுக்கா அறுத்திருந்தால் இந்த ஆபத்து பல மடங்கு. அவங்க வலி எடுக்க விடவே கூடாது. இங்கே ஒரு முக்கியமான விஷயம் இருக்குங்க. வெளியே தோலில் கிடைமட்டமா தழும்பு இருக்கிறதால உள்ளேயும் அப்படித்தான் அறுத்திருப்பாங்கன்னு சொல்ல முடியாது. தோலில் போட்டது ஒரு விதம், கர்ப்பப்பையில் போட்டது வேற விதமா இருக்கலாம். அதைச் சொல்றது ஒரே ஒரு காகிதம்தான். அதுக்கு அப்புறம் வரேன்.

எப்பவும் ஆபரேஷன்தானா?

"ஒரு தடவை ஆபரேஷன்னா அப்புறம் எப்பவும் ஆபரேஷன்தான்" என்று நம்ம ஊரில் சொல்றோம். இந்தப் பேச்சு எங்கிருந்து வந்துதுன்னா, 1916ல் நியூயார்க்கில் எட்வின் கிராகின் என்கிற டாக்டர் சொன்னதில் இருந்து வந்தது. அந்தக் காலத்தில் கர்ப்பப்பையை மேலிருந்து கீழே நெடுக்காத்தான் அறுத்தாங்க. அப்போ அது சரி. முதல் ஆபரேஷனையே யோசிச்சுச் செய்யுங்கன்னு மத்த டாக்டர்களை எச்சரிக்கத்தான் அவர் அதைச் சொன்னார். அதுக்கப்புறம் கீழ்ப்பாகத்தில் கிடைமட்டமா அறுக்கிற முறை வந்தது. இப்போ பெரும்பாலும் அதுதான்.

இந்த முறையில் ஒரு சிசேரியன் ஆனவங்களில், தகுந்தவங்களைத் தேர்ந்தெடுத்து, தகுந்த ஆஸ்பத்திரியில் முயற்சி செய்தால், 4 பேரில் 3 பேருக்குச் சுகப்பிரசவம் ஆகுது. அதுக்கு முன்னாலேயோ பின்னாலேயோ ஒரு சுகப்பிரசவம் ஆனவங்களா இருந்தால் இன்னும் அதிகம்.

யார் முயற்சி பண்ணலாம்? முதல் தடவை எதுக்காக ஆபரேஷன் பண்ணினாங்கன்னு முதல்ல பார்க்கணும். குழந்தை தலைகீழா இல்லாம உட்கார்ந்த நிலையில் இருந்தது, நாடித் துடிப்பு குறைஞ்சது, இந்த மாதிரி காரணம்னா அது இந்தத் தடவையும் வரணும்னு இல்லை. இடுப்பெலும்பு குறுகல் மாதிரி காரணம்னா திரும்பவும் வரும். அப்புறம் இந்தக் குழந்தை எப்படி இருக்கு, எவ்வளவு எடை, நஞ்சுக்கொடி எங்கே ஒட்டியிருக்கு, போன பிரசவத்துக்கும் இதுக்கும் எத்தனை மாசம், தாய்க்குச் சர்க்கரை, ரத்தக் கொதிப்பு இருக்கா, எல்லாத்தையும் பார்த்து டாக்டர் சொல்லுவார். இரண்டு சிசேரியன் ஆனவங்களுக்குப் பெரும்பாலும் மறுபடியும் ஆபரேஷன்தான் சொல்லுவாங்க. ஏற்கனவே தையல் பிரிஞ்சவங்க, நஞ்சு கீழே அடைச்சு இருக்கிறவங்க முயற்சியே பண்ணக் கூடாது.

எங்கே முயற்சி பண்ணலாம்? இரவு பகல் எந்நேரமும் மகப்பேறு டாக்டர், மயக்க மருந்து டாக்டர், ரத்தம், ஆபரேஷன் தியேட்டர் எல்லாம் தயாரா இருக்கிற இடத்தில் மட்டும். அரசு ஆஸ்பத்திரிகளில் இதைச் சீமாங் மையம்னு சொல்லுவாங்க. ஆரம்ப சுகாதார நிலையத்திலோ, டாக்டரைப் போன் பண்ணி வரவழைக்கிற சின்ன ஆஸ்பத்திரியிலோ கூடாது. வீட்டில் கூடவே கூடாது. 2018ல் நம்ம பக்கத்துத் திருப்பூரில், யூடியூப் பார்த்து வீட்டிலேயே பிரசவம் பார்த்து ஒரு பொண்ணு ரத்தம் போய் இறந்தது உங்களுக்கு ஞாபகம் இருக்கும்.  தழும்பு இல்லாதவங்களுக்கே வீட்டுப் பிரசவம் ஆபத்து. தழும்பு இருக்கிறவங்களைப் பற்றி நீங்களே யோசிச்சுக்குங்க.

"அப்படின்னா பேசாம ஆபரேஷனே பண்ணிக்கலாமே, வம்பே இல்லையே"ன்னு ஒரு சகோதரி அங்கே சொல்றது காதுல விழுது. சரியான கேள்வி. நாள் குறிச்சு ஆபரேஷன் பண்ணினால் தையல் பிரியற ஆபத்து ரொம்பக் குறைவுதான். ஆனா அதுக்கும் ஒரு விலை இருக்குங்க. ஒவ்வொரு ஆபரேஷனுக்கும் உள்ளே குடலும் மூத்திரப்பையும் கர்ப்பப்பையோட ஒட்டிக்கும். அடுத்த தடவை அறுக்கிறது கஷ்டம், ரத்தம் அதிகம் போகும், மூத்திரப்பையில் காயம் படலாம்.

அதைவிடப் பெரிசு நஞ்சு. பழைய தழும்பு மேலேயே நஞ்சு ஒட்டி, வேர் மாதிரி தசைக்குள்ளே இறங்கிட்டால், குழந்தை பிறந்த பிறகும் அது பிரிஞ்சு வராது. அமெரிக்காவில் 30,000க்கும் மேற்பட்ட பெண்களின் பிரசவத்தைப் பார்த்து 2006ல் ஒரு ஆய்வு வெளிவந்தது. நஞ்சு கீழே அடைச்சு இருக்கிறவங்களில், ஏற்கனவே ஒரு சிசேரியன் ஆனவங்க 100 பேர்ல 11 பேருக்கு இப்படி நஞ்சு ஊடுருவியிருந்தது. இரண்டு சிசேரியன் ஆனவங்களுக்கு அது 100க்கு 40. இப்படி ஆனால் பல நேரம் தாயைக் காப்பாத்தக் கர்ப்பப்பையையே எடுக்க வேண்டி வரும். ரத்தம் பாட்டில் பாட்டிலா ஏத்த வேண்டி வரும். அதனால எத்தனை குழந்தை வேணும்னு நினைக்கிறீங்களோ, அதையும் டாக்டர்கிட்ட முதல்லயே சொல்லுங்க. முடிவு எடுக்கிறதுக்கு அது முக்கியம்.

ஆக, இரண்டு வழியிலும் ஆபத்து இருக்கு. எந்த வழின்னு தீர்மானிக்க வேண்டியது டாக்டரும் அந்தப் பொண்ணும் சேர்ந்து. மாமியாரும் இல்லை, ஜோசியரும் இல்லை. நல்ல நேரம் பார்த்து ஆபரேஷன் பண்றது நம்ம பக்கம் ரொம்ப ஆயிடுச்சு. வேற பிரச்சினை இல்லாத தாய்க்கு 39 வாரம் முடியறதுக்கு முன்னால, நட்சத்திரம் நல்லா இருக்குன்னு குழந்தையை எடுத்தால், அது மூச்சு விடச் சிரமப்பட்டு இன்குபேட்டர்ல கிடக்கும். அது என்ன நல்ல நேரமுங்க?

ஒரு காகிதத்தின் கதை

எங்க பகுதியில் நடந்த ஒண்ணைச் சொல்றேன். ஊரும் பேரும் வேண்டாம். அந்தப் பொண்ணுக்கு முதல் குழந்தை சிசேரியன். குழந்தைக்கு ஒரு வயசு ஆகறதுக்குள்ளே மறுபடியும் உண்டாயிடுச்சு. ஒன்பதாம் மாசம் பொறந்த வீட்டுக்கு வேற மாவட்டத்துக்குக் கூட்டிட்டுப் போனாங்க. ராத்திரி வலி வந்திருக்கு. "இப்பத்தானே ஆரம்பிச்சிருக்கு, நல்லா வலி வரட்டும், விடிஞ்சதும் போலாம்"னு இருந்துட்டாங்க. விடியக்காலையில் வலி திடீர்னு நின்னுபோச்சு. வலி நின்னுடுச்சேன்னு நிம்மதியா இருந்திருக்காங்க. கொஞ்ச நேரத்தில் பொண்ணு வேர்த்து விறுவிறுத்து மயங்கிட்டா. வண்டி பிடிச்சுப் போனால், அங்கே கேட்கிறாங்க: முன்னால எதுக்கு ஆபரேஷன், எப்படி அறுத்தாங்க, ரத்த வகை என்ன? காகிதம் எல்லாம் இங்கே புருஷன் வீட்டு பீரோவில் இருக்குது.

தாயைக் காப்பாத்திட்டாங்க. குழந்தை இல்லை. கர்ப்பப்பையும் இல்லை. அந்தப் பொண்ணுக்கு அப்போ 23 வயசு.

நான் இதை யார் மேலேயும் பழி போடச் சொல்லலை. அந்த வீட்டில் எல்லாரும் அவ மேல பாசமா இருந்தவங்கதான். வலி நின்னா ஆபத்துன்னு அவங்களுக்கு யாரும் சொல்லியிருக்கலை. அவ்வளவுதான். சொல்லியிருந்தால் ராத்திரியே வண்டி கிளம்பியிருக்கும்.

நம்ம குழுவில் தீர்மானப் புத்தகம், வரவு செலவுப் பேரேடு, பாஸ் புக்கு எல்லாத்தையும் எப்படிப் பத்திரமா வைக்கிறோம்! ஒரு ரூபாய் வித்தியாசம் வந்தால் விடறோமா? ஆனா ஆஸ்பத்திரியில் குடுக்கிற டிஸ்சார்ஜ் சம்மரியை மட்டும் எங்கேயோ போட்டுடறோம். அதுதான் நான் முதல்ல சொன்ன காகிதம். எதுக்காக ஆபரேஷன், கர்ப்பப்பையில் எந்தப் பாகத்தில் எப்படி அறுத்தாங்க, அதிகமா கிழிஞ்சுதா, ரத்தம் ஏத்தினாங்களா, குழந்தை எடை எவ்வளவு, எல்லாம் அதில் இருக்கணும். இல்லைன்னா கேட்டு எழுதி வாங்குங்க. அது உங்க உரிமை. அதை நாலு ஜெராக்ஸ் எடுத்து, ஒண்ணைத் தாய் சேய் நல அட்டையோடவும், ஒண்ணைப் பொறந்த வீட்டிலும் வைங்க. போனில் போட்டோ எடுத்துப் புருஷனுக்கும் அனுப்பி வைங்க.

எப்போ என்ன செய்யணும்

முதலாவது, இடைவெளி. ஒரு பிரசவம் ஆகி இரண்டு வருஷமாவது கழிச்சுத்தான் அடுத்ததுக்கு உண்டாகணும்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. சிசேரியன் ஆனவங்களுக்கு இது ரொம்ப முக்கியம். தழும்பு ஆற நேரம் வேணும். பால் குடுக்கிறதால உண்டாகாதுன்னு நம்பாதீங்க. ஆபரேஷன் பண்ணும்போதே காப்பர்-டி போட்டுக்கலாம். மூணு மாசத்துக்கு ஒரு தடவை அந்தரா ஊசி இருக்கு, சாயா மாத்திரை இருக்கு. எல்லாம் அரசு ஆஸ்பத்திரியில் இலவசம். குழந்தை போதும்னு முடிவு பண்ணினால் ஆம்பளைங்களுக்குத் தழும்பில்லாத கருத்தடை இருக்கு. இரண்டு தடவை வயித்தை அறுத்துக்கிட்டவளே மூணாவது தடவையும் அறுத்துக்கோணுமா? வீட்டில் போய்க் கேளுங்க. சிரிக்க வேண்டாம், நிஜமாவே கேளுங்க.

இரண்டாவது, நாள் தள்ளினதும் உடனே நர்ஸம்மாகிட்டப் பதிவு பண்ணிடுங்க. "எனக்கு முதல் குழந்தை ஆபரேஷன்"னு முதல் வார்த்தையாச் சொல்லுங்க. சீக்கிரமா ஒரு ஸ்கேன் எடுக்கணும். சிலருக்குக் கரு பழைய தழும்பிலேயே ஒட்டி வளரும். அது சீக்கிரம் தெரிஞ்சால்தான் காப்பாத்த முடியும். பிறகு அஞ்சாம் மாசத்து ஸ்கேனில் நஞ்சு எங்கே இருக்குன்னு கேளுங்க. கீழே இருந்தால் கடைசி மாசங்களில் திரும்பவும் பார்க்கணும்.

மூணாவது, இதை ரொம்ப அழுத்திச் சொல்றேன். வேண்டாத கர்ப்பம்னு மெடிக்கல் ஷாப்பில் மாத்திரை வாங்கி நீங்களே போடாதீங்க. அந்த மாத்திரை கர்ப்பப்பையைச் சுருங்க வைக்கிறது. கரு தழும்பிலோ குழாயிலோ இருந்தாலும், மாசம் கூடியிருந்தாலும், ரத்தம் நிக்காமல் போயிடும். அரசு ஆஸ்பத்திரியில் சட்டப்படி, ரகசியமா, இலவசமாச் செய்வாங்க.

நாலாவது, ரத்தம். நம்ம மாநிலத்தில் கர்ப்பிணிகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு ரத்த சோகை. ஹீமோகுளோபின் 11க்குக் குறையக் கூடாது. ரத்தம் குறைவா இருக்கிறவ கொஞ்சம் ரத்தம் போனாலும் தாங்க மாட்டா. இரும்புச்சத்து மாத்திரையை டீ, காப்பியோட போடாதீங்க. கீரை, ராகி, முட்டை, பேரீச்சை, முடிஞ்சால் ஈரல், எதுவானாலும் மருமகளுக்கு முதல்ல போடுங்க.

அஞ்சாவது, எந்த ஆஸ்பத்திரி, எந்த வண்டி, யார் கூடப் போறது, யார் ரத்தம் குடுக்கிறது, மூத்த குழந்தையை யார் பார்த்துக்கிறது, இந்த அஞ்சையும் எட்டாம் மாசத்துக்குள்ளே முடிவு பண்ணிடுங்க. மேட்டுப்பாளையம் அரசு ஆஸ்பத்திரியா, கோவை அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியா, உங்க நிலைமைக்கு எது சரின்னு நர்ஸம்மாகிட்டக் கேட்டு எழுதி வைங்க. மேட்டுப்பாளையம் ரோட்டில் சாயங்காலம் வண்டி எப்படி நகரும்னு உங்களுக்கே தெரியும். ஆனைகட்டி, தடாகம் பக்கத்து மலையடிவாரத்துச் சகோதரிகளுக்கு ராத்திரியில் யானை வேற வழியில் நிக்கும். அதனால வலி வர்ற வரைக்கும் வீட்டில் காத்திருக்காதீங்க. டாக்டர் சொல்ற தேதிக்கு முன்னாலேயே போய்ச் சேர்ந்துடுங்க.

தேதிக்கு முன்னாலேயே இந்த அறிகுறிகள் வந்தால் ஒரு நிமிஷமும் யோசிக்காமல் 108க்குப் போடுங்க:

வலி ஆரம்பிச்சால், அது எவ்வளவு லேசா இருந்தாலும்.
பனிக்குடம் உடைஞ்சால்.
ரத்தம் பட்டால்.
வலிக்கும் வலிக்கும் நடுவில் கூடத் தழும்பு இடத்தில் விடாமல் வலித்தால்.
நல்லா வந்துகிட்டிருந்த வலி திடீர்னு நின்னால்.
குழந்தை அசைவு குறைஞ்சால்.
தலை சுத்தல், படபடப்பு, மயக்கம், தோள்பட்டையில் குத்தற மாதிரி வலி வந்தால்.

போன உடனே, "முன்னால சிசேரியன், டிஸ்சார்ஜ் சம்மரி இதோ"ன்னு சொல்லி நீட்டுங்க. அரசு ஆஸ்பத்திரியில் பிரசவ அறையில் துணைக்கு ஒரு பொம்பளை இருக்கலாம். பயந்து கத்தறவங்களை அனுப்பாதீங்க. விவரம் சொல்லத் தெரிஞ்சவங்களை அனுப்புங்க.

செலவுக்குப் பயந்து யாரும் தள்ளிப் போட வேண்டாம். 2011ல் இருந்து அரசு ஆஸ்பத்திரியில் பிரசவம், சிசேரியன், மருந்து, ரத்தம், சாப்பாடு, வீட்டுக்குக் கொண்டு வந்து விடற வண்டி எல்லாம் இலவசம். தகுதி உள்ளவங்களுக்கு முத்துலட்சுமி ரெட்டி திட்டத்தில் 18,000 ரூபாய் மதிப்புள்ள உதவி இருக்கு. அதுக்கும் சீக்கிரமாப் பதிவு பண்ணியிருக்கணும்.

குழு செய்ய வேண்டியது

கடைசியா, கூட்டமைப்புக்கு ஒரு வேண்டுகோள். ஒவ்வொரு குழுவிலும் அடுத்த கூட்டத்தில் தீர்மானப் புத்தகத்தில் மூணு வரி எழுதுங்க. ஒண்ணு, நம்ம குழுக் குடும்பங்களில் தழும்போட கர்ப்பமா இருக்கிறவங்க யார் யார்னு ஊக்குநர் தெரிஞ்சு வெச்சுக்கோணும். அவங்க சம்மதத்தோட மட்டும், ஊரெல்லாம் சொல்லாம. இரண்டு, அவங்க டிஸ்சார்ஜ் சம்மரி கையில் இருக்கான்னு ஏழாம் மாசத்தில் நேரில் போய்ப் பார்க்கோணும். வளைகாப்புக்குப் போறோமில்லைங்களா, வளையலோட சேர்த்து இந்தக் காகிதத்தையும் ஒரு கவரில் போட்டுக் கையில் குடுத்து அனுப்புங்க. மூணு, ராத்திரி பத்து மணிக்கும் கதவைத் தட்டினால் அவசரக் கடன் குடுக்கிற மாதிரி ஒரு தொகையைத் தனியா ஒதுக்கி வைக்கோணும்.

தமிழ்நாட்டில் 2018-20 கணக்குப்படி, ஒரு லட்சம் உயிர்ப் பிறப்புக்கு 54 தாய்மார் இறந்திருக்காங்க. இந்தியா அளவில் 97. நாம பரவாயில்லைதான். ஆனா அந்த 54ல் ஒவ்வொண்ணும் ஒரு வீடு. ஒரு குழுவில் ஒரு இருக்கை காலி. இனிமேல் அந்தக் கணக்கில் நம்ம குழுப் பொண்ணு ஒருத்தியும் சேரக் கூடாது.

சந்தேகம் இருக்கிறவங்க சாப்பாட்டு நேரத்தில் என்கிட்டத் தாராளமா வாங்க. எல்லாருக்கும் முன்னால கேட்கக் கூச்சமா இருந்தால் தனியாப் பேசலாம்.